இன்றைய ரத்தம்

ரத்தம் எடுத்த குப்பியோடு நர்ஸ் பாஞ்சாலி வெளியே வந்ததும் கொம்பையா எழுந்து நின்றான்.

"இன்னைக்காவது அந்த அளவு கொறையுமா, சிஸ்டர்?"

"ரிப்போர்ட் வரட்டும்ண்ணா. இன்னா, காலைலருந்து ஒண்ணும் சாப்புடலியா?"

அவன் கண்ணாடி வழியே பார்த்தான். உள்ளே அவன் மனைவி சுகப்பிரியா கிடந்தாள். காய்ச்சலாக வந்த நிமோனியா இரண்டு நுரையீரலையும் அடைத்துவிட்டது. கட்டிலோரம் ஓர் இயந்திரம் அவள் ரத்தத்தை வெளியே இழுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. போகும் குழாயில் கறுத்த ரத்தம். வரும் குழாயில் நல்ல சிவப்பு. அந்தச் சிவப்பை நம்பித்தான் அவன் உட்கார்ந்திருந்தான்.

கோவில்பட்டியிலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவர்கள். கல்யாணமாகி வடக்குப்பட்டில் ரூம் எடுத்தார்கள். அவளுக்குப் பகல் ஷிப்ட், அவனுக்கு நைட். அவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்தில் அவள் ஏறுவாள். "சோறு மூடி வச்சிருக்கேன்" என்பாள். பல நாள் அவ்வளவுதான் பேச்சு.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் சுபஸ்ரீ அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"ரத்தத்துல லாக்டேட் பாக்குறோம்ல, உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேரலன்னா அது ஏறும். நேத்தைவிட இன்னிக்கு ரொம்ப ஏறிடுச்சு. கிட்னி, லிவர் எல்லாம் கைவிட்டுடுச்சு. இனி மெஷினை ஓட்டிப் பிரயோஜனம் இல்ல. நிறுத்தலாமான்னு நீங்கதான் சொல்லணும்."

"ரத்தம் செவப்பாத்தான போவுது, மேடம்?"

டாக்டர் ரிப்போர்ட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

போன் அடித்தது. மாமியார். படுக்கையில் கிடக்கும் மாமனாரை விட்டு வரமுடியாதவள்.

"மாப்ள, இன்னைக்கு ரத்தம் எப்படி இருக்காம்?"

"இன்னும் ரிப்போர்ட் வரல, அத்தே." வைத்துவிட்டான்.

"நிறுத்துனா அவளுக்கு வலிக்குமா, மேடம்?"

"வலிக்காது. மயக்க மருந்துல இருக்காங்க."

அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"இனிமே அவளுக்கு ரத்தம் எடுக்க வேண்டாம்."

பாஞ்சாலி கட்டிலோரம் ஒரு ஸ்டூல் போட்டாள். படுத்தே கிடந்ததில் சுகப்பிரியாவின் கூந்தல் சடைபிடித்துப் போயிருந்தது. அவன் நுனியிலிருந்து ஒவ்வொரு சிக்காக விரலால் பிரிக்க ஆரம்பித்தான். யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள். அவன் நிமிரவில்லை. திரையில் ஓடிய கோடு படுத்துவிட்டது.

"அண்ணா..." என்றாள் பாஞ்சாலி.

"செத்த நேரம் இருங்க, சிஸ்டர். இன்னொரு பக்கம் இருக்கு."

அவள் போய்த் தன் பையிலிருந்த சீப்பை எடுத்து வந்து கொடுத்துவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.