மூன்றாவது நினைவூட்டல்

பால் விஞ்ஞானம் முப்பத்தொரு வருசம் கம்பஸில படிப்பிச்சனான். இப்ப வெள்ளவத்தையில, கடற்கரைப் பக்க ஒழுங்கையொண்டில, மூண்டாம் மாடியில தனிய இருக்கிறன். மனுசி கண்ணை மூடி ஆறு வருசம். மகன் ராகுலன் மெல்பேணில. ஞாயிறுக்கு ஞாயிறு போன் எடுத்து, மருந்து போட்டனீங்களோ எண்டு கேப்பான். ஓம் எண்டால் கதை முடிஞ்சுது.

எனக்கெண்டு மிஞ்சியிருந்தது வின்சன்ற்றின்ர கடிதம் மட்டும்தான். ஆள் இதே நகரத்தில கொட்டாஞ்சேனை, ஒரு பால் தொழிற்சாலையில பரிசோதகரா இருந்தவர். வெயிலில வாற பால் ஏன் காய்ச்சேக்க திரையுது எண்டு என்னட்டக் கேட்டு எழுதினதில தொடங்கினது. இருவத்தேழு வருசம், மாசம் ஒரு கடிதம். ரண்டு பேரும் பென்சன் எடுத்த பிறகும் தயிர், உறை, கிருமி எண்டு சண்டைதான். ஒரே பஸ்ஸில போய்ப் பாத்திருக்கலாம். போன் நம்பரும் இருந்தது. ஆனா எங்களுக்குக் கதை பேச்சு எல்லாம் தாளிலதான்.

வைகாசியில நான் போட்ட கடிதத்துக்குப் பதிலைக் காணேல்லை. கம்பஸில எனக்கொரு வழக்கம் இருந்தது: பதில் வராட்டி மாசத்துக்கொரு நினைவூட்டல், மூண்டோட பைலை மூடுறது. அமைச்சுக்கும் அப்பிடித்தான், மாட்டுப் பண்ணைக்கும் அப்பிடித்தான். வின்சன்ற்றுக்கும் அப்பிடியே அனுப்பினன். மூண்டாவதில, "இதற்கும் பதில் கிடைக்காவிடின் எமது தொடர்பு இத்துடன் முடிவுற்றதாகக் கருதப்படும்" எண்டு டைப் பண்ணிக் கையெழுத்தும் வைச்சன். அப்ப பெரிய ஆள் எண்ட நினைப்பு. விசர் மனுசன்.

அதுக்குப் பிறகு கீழ தபால்காரன் வந்து நிண்டால் காணும், முழங்கால் நோவையும் பாராமல் படியிறங்கி ஓடுவன். லைட் பில்லாத்தான் இருக்கும். ஒரு சனிக்கிழமை பொறுக்க ஏலாமல் பஸ் ஏறினன். நல்லா ஏசிப்போட்டு வருவம் எண்டுதான் போனது.

கதவைத் திறந்தது மகள் இமெல்டா. அவளுக்குப் பின்னால சுவரில வின்சன்ற்றின்ர படம், மாலையோட. மோசம்போய்ப் பதினாறு நாளாம். வைகாசியிலயே பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்து போச்சாம், அதோட படுக்கைதானாம். நான் எழுதித் தாறன் அப்பா எண்டு அவள் எத்தினை தரம் கேட்டும் விடேல்லையாம். கடிதம் வராட்டியே கம்பஸ் சேருக்கு விளங்கும், ஆள் வருவார் எண்டு சொல்லிப்போட்டு, போனைத் தலைமாட்டில வைச்சுக்கொண்டு கிடந்தவராம்.

முதல் நினைவூட்டலை வாசிச்சுக் காட்டேக்க சிரிச்சவராம். ரண்டாவதுக்கு ஒண்டும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவராம்.

"மூண்டாவதை நான் வாசிச்சுக் காட்டேல்லை, சேர்."

நான் சொன்னன், "பிள்ளை, அது கோபத்தில எழுதினதில்லை. ஆள் என்னை விட்டிட்டாரோ எண்டு பயந்து எழுதினனான்."



"இதை எழுதியிருந்தால் வாசிச்சுக் காட்டியிருப்பன்," எண்டாள்.