பத்து நிமிடத்துக்கு ஒரு படம்

...அதுவும் கூட வேலை செய்கிற தனுஷிகா அனுப்பிய படங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கணினித் திரையைப் படம் பிடித்து அனுப்பு என்றால் கைத்தொலைபேசியைத் தூக்கித் திரைக்கு முன்னால் பிடித்து, அதில் தன்னுடைய மூஞ்சியும் நிழலாக விழ, ஒரு மாதம் முழுக்க அப்படியே அனுப்பினாள், லெனாட் சேரும் அதையெல்லாம் அச்சடித்து, ஓட்டை போட்டு, பைலில் கோர்த்து வைத்தார், மனேச்சர் வேலை என்றால் அதுதானாக்கும்... வேலை என்னவென்று பார்த்தால், வெளிநாட்டுக் கடைக்காரன் ஒருவன் அனுப்பும், காலில் போடுகிற சப்பாத்துப் படங்களைப் பார்த்து, என்ன நிறம், தோலா துணியா, ஆணுக்கா பெண்ணுக்கா என்று தட்டவேண்டும், அவ்வளவுதான், இதைச் செய்கிறோமா என்று பார்க்க மணிக்கொரு படம் வேண்டுமாம். கடைசியில் நான்தான் கணினிக்குப் பதினொரு வரியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். திரையைப் பிடி, பிடித்த நேரத்தையே பெயராக வை, அவரவர் கோப்புறையில் போடு, லெனாட் சேரின் கணினிக்கும் ஒன்று அனுப்பு, பத்து நிமிடம் சும்மா இரு, திரும்பவும் பிடி. இதற்குப் போய் மனுசன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "பிள்ளை, உது தன்ரபாட்டில எடுக்குமோ?" "ஓம் சேர்." "பக்கத்தில ஒருத்தரும் நிக்கத் தேவையில்லையோ?" என்னத்தைச் சொல்ல, மருதனார்மடச் சந்தியில் மரக்கறி விற்கிற மனுசியிடம் சொல்லியிருந்தால் அவ பாதியிலேயே விளங்கிக்கொண்டிருப்பா.

பதினொன்று இருபது. பன்னிரண்டு மணிக்குள் ஒரு பெயர் கொடுக்கவேண்டும், எங்கள் ஐந்து பேரில் ஒருவரை வேலையிலிருந்து நிற்பாட்டச் சொல்லி மேலே இருந்து வந்திருக்கிறது, யாரை என்று சொல்ல லெனாட் சேருக்கு முதுகெலும்பு இல்லை, "நீர்தானே பிள்ளை படமெல்லாம் பாக்கிறனீர், நீரே ஆளைச் சொல்லும், ஆதாரத்தை அச்சடிச்சுத் தாரும்" என்று என் தலையில் கட்டிவிட்டார். அதற்கென்ன, சொல்கிறேன். தனுஷிகாவின் கோப்புறை நிறையச் சாறிக்கடை, ஜெயனி காலை முழுக்கச் சாதகப் பொருத்தம் பார்க்கிறாள், றோய்க்குக் கிரிக்கெட். ஆனாலும் மூன்று பேரும் கை ஓடுகிற ஆட்கள். எனக்கு முன்மேசையில் இருக்கிற றமேஸ் அண்ணை அப்படியா? நாற்பத்தொரு வயதில் மயிலிட்டியிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்து, இரண்டு விரலால் கொத்திக்கொத்தித் தட்டுகிறார், சேர்ந்து நாலு மாதம், இன்னும் கோப்புறை எது கோப்பு எது என்று தடுமாற்றம். முதல் ஆறு மாதம் லீவு எடுத்தால் ஒரேயடியாக வீட்டுக்குப் போகலாம் என்ற சட்டத்துக்குப் பயந்து ஒருநாளும் நிற்காமல் வருகிறார், வந்து? போன திங்கட்கிழமை பின்னேரம் முழுக்கக் கலியாண வீடியோ! பொட்டுப் பொட்டாகத் தெரிகிற சின்னப் படங்களிலேயே தெரிகிறது, மண்டபம், பூ, கதிரை வரிசை, 2.40, 2.50, 3.00... நான்கு மணி வரைக்கும். என்ன துணிவு. பெயரை எழுதிவிட்டேன், றமேஸ், வேலைநேரத்தில் வீடியோ, என்று. ஆதாரத்துக்கு ஒரு படத்தைப் பெரிதாக்கி அச்சடித்தால் முடிந்தது.

3.10ஐத் திறந்தேன். பூவுக்கு நடுவில் பெட்டி. கலியாணத்தில் என்ன பெட்டி... மேலே எழுத்து, அமரர் நாகேஸ்வரி தம்பிராசா, இறுதிக்கிரியைகள், லண்டனிலிருந்து நேரலை. தம்பிராசா? வரவுப் புத்தகத்தில் தினமும் பார்க்கிற பெயர், தம்பிராசா றமேஸ். பெட்டிக்குப் பக்கத்தில் வேட்டியோடு நிற்கிறவன் அச்சொட்டாக றமேஸ் அண்ணையின் முகம், பத்து வயது குறைவாக. தாய்க்குக் கடைசி மகன்தானே கொள்ளி வைப்பான். அட கடவுளே, தாய். அந்தப் படத்தின் பாதியில்தான் தாய் கிடக்கிறாள், மற்றப் பாதியில் சப்பாத்து, பழுப்பு, தோல், ஆண். 3.20, பெட்டி, சப்பாத்து, நீலம், துணி, பெண். மனுசன் விடாமல் தட்டியிருக்கிறார். 3.30, பெட்டி உள்ளே போகிறது, பக்கத்தில் ஒரு வெள்ளைச் சப்பாத்து, அதற்குக் கீழே கறுப்பு என்று அடித்திருக்கிறார்... அந்தச் சப்பாத்து எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலமை எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன், "வெள்ளையைக் கறுப்பெண்டு போட்டிருக்கிறியள், கண்ணாடியை மாத்துங்கோ அண்ணை!" தனுஷிகா பக்கென்று சிரித்தாள். அவர் "ஓம் தங்கச்சி" என்றார். சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோயில் வடையை நீட்டினபோது கையைப் பின்னுக்கு இழுத்தார், எங்கள் கை தொட்ட வடை ஆகாதாக்கும் என்று ஜெயனியிடம் நொடித்தேன். செத்தவீட்டுத் துடக்கு. முப்பத்தொரு நாள் துடக்குக்காரன் கோயில் வடையைத் தொடுவானா? இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது விளங்கவில்லை. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் லெனாட் சேர் உருகி உருகி அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார், பிறகு ஆறு மாதச் சட்டத்தைக் காட்டித் திரும்ப எடுத்திருக்கமாட்டார். ஒரு முழத் தூரத்தில் இருந்தேனே, அன்று பின்னேரம் முழுக்க அந்த முதுகைப் பார்த்து மாடு மாதிரி அசையாமல் இருக்கிறான் என்றுதானே நினைத்தேன். சீ, எனக்கும் ஒரு மூளை.

"தங்கச்சி..." திரும்பி என்னைத்தான் கேட்கிறார், "உந்தச் சப்பாத்து நீலமோ, ஊதாவோ? பிழை விட்டிடுவன் எண்டு பயமாக் கிடக்கு." நான் எட்டிப் பார்க்கிறேன். "நீலம் அண்ணை." "நீலம்தானே?" "ஓம் அண்ணை, நீலம்." அவர் திரும்பிக்கொண்டார், கொத்திக்கொத்தி நீலம் அடிக்கிறார். நான் அந்தப் பெயரை வெட்டுகிறேன், வெட்டினால் வேறு யாரை எழுதுவது, சாறி பார்த்தவளையா, கிரிக்கெட் பார்த்தவனையா, நாளெல்லாம் மற்றவர்களின் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் எந்தக் கணக்கு... முதலில் படங்களை அழிக்கலாம், என்று கையைக் கொண்டுபோகும்போது மணி பதினொன்று நாற்பது. சத்தமே இல்லை, சத்தம் வராதபடி எழுதினவள் நான். கீர்த்திகா என்ற என் கோப்புறையில் ஒரு புதுப் படம் வந்து விழுந்தது, திரையில் பூவும் பெட்டியும், அப்போதே லெனாட் சேரின் கணினிக்கும் போயிருக்கும். பதினொரு வரியில் அழிக்கிற வரி ஒன்றும் நான் எழுதவில்லை. பெரிதாக்கிப் பார்க்காத எவருக்கும் அது வேலைநேரத்தில் கீர்த்திகா பார்த்த கலியாண வீடியோ.