சத்தம் மட்டும் வரும் இணைப்பு

ஜேர்மனியில், எசன் நகரத்தில் எங்கள் கட்டடத்தில் சிக்னல் எவ்வளவு மோசம் என்றால், போன வருடம் நான் அனுப்பிய புதுவருட வாழ்த்து இன்னும் மாடிப்படியில்தான் நிற்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் அதற்கு வழிவிட்டு நடப்பேன். ஆகையால் ஞாயிறு காலை மேல்வீட்டுச் சிறீதரன் கைபேசியோடு வந்து, "அண்ணை, சத்தம் வருதில்லை" என்றபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

முகத்தைப் பார்த்த பிறகுதான் பகிடியை விழுங்கினேன். யாழ்ப்பாணத்தில் அவனுடைய அக்கா கமலநாயகி இறந்துவிட்டார். தாயில்லாத அவனை வளர்த்தவர். இவனுக்கு இருதயத்தில் புதிதாக ஸ்டென்ட் கம்பி வைத்திருந்ததால் டொக்டர் அவனை விமானம் ஏற விடவில்லை. செத்தவீட்டுக்கு ஒலிபெருக்கி கட்டியவன், வீடியோவுக்கு இணையம் காணாது, சத்தத்தை மட்டும் அனுப்புகிறேன் என்று ஒரு இணைப்பைத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். வானொலிச் செயலியில் அதைத் தட்டிப் போட்டால் கேட்குமாம்.

"பிரேதம் எடுக்கேக்கை எண்டாலும் நான் அழவேணும் அண்ணை. இப்ப எடுத்துப் போடுவாங்கள்."

செயலியோ, இணைப்பு செல்லாது என்று ஜேர்மனில் சொல்லிக்கொண்டிருந்தது.

தாளின் படத்தையும் அவன் தட்டிப் போட்டதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். புள்ளி சரி, சாய்கோடு சரி. செயலியை அழித்துத் திரும்ப இறக்கினோம், அவன் இணைப்பைத் திரும்பவும் தட்டினான். நான் வைஃபை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனேன். முற்றத்துப் புறாக்கள் அத்தனையும் யாழ்ப்பாணப் பக்கம் திரும்பி உட்கார்ந்தன. கைபேசி அசையவில்லை. ஊருக்கு அழைத்தான், செத்தவீட்டில் யார் எடுப்பது?

"தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுங்கோ! சும்மா கதை அளக்கத்தான் உங்களுக்கு ஏலும்!"

அவன் கத்திய கத்தலில் கீழ்வீட்டு ஹெல்கா, ஞாயிற்றுக்கிழமை இதென்ன சத்தம் என்று சண்டைக்கு ஏறி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கோபத்தை விட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் குனிந்தாள்.

"முன்னால் ஒரு நத்தை இருக்கிறதே, அது எதற்கு?" என்று ஜேர்மனில் கேட்டாள்.

இணைப்புக்கு முன்னால் ஒரு 'உ'. பிள்ளையார் சுழி. குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரனுக்கு எழுதும் ஜேர்மன் கடிதத்திலும் சிறீதரன் அதைப் போட்டுத்தான் தொடங்குவான். எழுத்தெழுத்தாகப் பார்த்தும் நாங்கள் இருவரும் காணவில்லை. எங்கள் கண்ணுக்கு அது எழுத்தே இல்லை.

"செத்தவீட்டு விஷயத்துக்குச் சுழி போடுறதில்லையடாப்பா," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அக்காதான் பழக்கினவ. போடாட்டி விரல்முட்டியிலை அடிப்பா."

சுழியை அழித்தான். உடனே சத்தம் வந்தது. பறை இல்லை, ஒப்பாரி இல்லை. எவனோ ஒருவன், "வயரைச் சுத்து மச்சான். அவங்கள் சுடலைக்குப் போய்ச் சேந்திருப்பாங்கள்" என்றான். பிறகு பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம்.

"கொஞ்சம் பின்னுக்கு இழுக்கேலாதோ அண்ணை?"

"ஏலாது. நேரடியா வாறது."

ஒரு நல்ல பொய் தேவைப்பட்ட நேரம். எனக்கு ஒன்றுமே வரவில்லை.

சிறீதரன் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அக்கா... அக்கா..." என்று கூப்பிட்டான். இங்கே சொல்வது அங்கே கேட்காது என்று நானும் சொல்லவில்லை, ஹெல்காவும் சொல்லவில்லை. கதிரைகள் அடுக்கி முடியும்வரை அந்தச் சத்தத்துக்கு அழுதான். பிறகு அங்கே எவனோ வயரைப் பிடுங்கினான்.