தூரத்துத் துறைமுகம்

கப்பல் சுற்றுலாவுக்கு எங்கே ஏறுவது என்பதில்தான் தாய்க்கும் மகளுக்கும் இழுபறி. பக்கத்துத் துறைமுகம் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். ஆனால் ஆறு வருடங்களுக்கு முன் அங்கே கப்பலேறிய தாயின் கணவர் கடலோடு போய்விட்டார்; உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இனிக் காலே வைப்பதில்லை என்று தாய் முடிவு செய்திருந்தாள். மகளிடம் காரணம் சொல்லவில்லை.

"தூரத்துத் துறைமுகமே போடுங்க," என்றாள் டிக்கெட் ஏஜெண்டிடம்.

"ஒரு நாள் பூரா ரயில்ல போகணும்மா! உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் மகள்.

ஏஜெண்ட் சிரித்தார். "அதையேதான் போட்டு வச்சிருக்கேன். காலையில சார் போன் பண்ணினாரே."

"எந்த சார்?"

"உங்க வீட்டுக்காரர்னு சொன்னாரு. 'அவ தலையைச் சுத்தித்தான் மூக்கைத் தொடுவா, தூரத்துத் துறைமுகம்தான் கேப்பா. நான் அங்கேயே வந்து நிக்கிறேன்'னாரு."

மகளின் முகம் வெளிறியது. "யாரோ விளையாடுறாங்கம்மா. பக்கத்துத் துறைமுகத்துக்கே மாத்திடலாம்."

தாய்க்கு அந்தக் கேலி தெரியும். கல்யாணமான புதிதிலிருந்து, இருவரும் தனியாக இருக்கும்போது மட்டும் அவர் சொன்னது.

"மாத்த வேண்டாம். காத்துக்கிட்டு நின்னா அவருக்குக் கோபம் வரும்."

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் மனம், எந்தப் பெட்டியை எடுத்துப் போவது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தது.