கல்லுக்கு முன்னால் நின்றவர்

ஸ்ரீஸ்கந்தராசா அந்த மனிதரை முதலில் கண்டது தொண்ணூற்றாறாம் ஆண்டு, பனி கரைகிற நாட்களில். தொழிற்சாலையில் பெட்டி தூக்கும்போது இடுப்பு நாரி பிடித்து, அவர் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த காலம் அது. ரெக்ஸ்டேல் என்ற புறநகரில் அவர்கள் இருந்த அப்பாட்மென்ற் கட்டடத்துக்கு எதிரே ஒரு சின்னப் பார்க். அதன் நடுவில் ஆளுயரக் கருங்கல் ஒன்று. கட்டடங்கள் எழும்ப முன்னர் அங்கே ஒரு கிராமம் இருந்ததாம். அங்கிருந்து இரண்டு உலகப் போர்களுக்கும் போய்த் திரும்பி வராத பெடியன்களின் பெயர்களை அதில் வெட்டியிருந்தார்கள். நவம்பரில் ஒரு நாள் வெள்ளைக்காரக் கிழவர்கள் சிலர் மெடல் குத்திக்கொண்டு வந்து மலர்வளையம் வைப்பார்கள். மற்ற நாட்களில் நாய்கள்தான் கல்லுக்குக் கிட்டப் போகும்.

அந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு தமிழர் நின்றார். மப்ளரைக் காதோடு சேர்த்துச் சுற்றிக் கட்டியிருந்த விதத்திலேயே தமிழரென்று தெரிந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி, கட்டடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பஸ் தரிப்புக்கு நடந்தார். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். அதற்கடுத்த சனியும்.

நாரிக்கு நட்டஈடு கேட்டிருந்ததால், அதைச் சரிபார்க்க நட்டஈட்டுக் கந்தோர் அனுப்பிய ஆளாக இருக்குமென்று ஸ்ரீஸ்கந்தராசா முதலில் நினைத்தார். நாரி உளைவு பொய்யா மெய்யா என்று ஒளித்திருந்து படமெடுக்கிறார்கள் எனக் கேள்விப்பட்டிருந்தார். அன்றிலிருந்து பல்கனிக்கு வரும்போதெல்லாம் நாரியைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆனால் அந்த ஆளிடம் கமெரா இல்லை. அப்படியென்றால் இது வேறு அலுவல். எங்கட சனம் எத்தனை பேர் இந்தக் கட்டடத்தில் இருக்கிறது, யார் வருகிறான், யார் போகிறான் என்று ஆரோ பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். ஆர் அனுப்பியது என்பதுதான் தெரியவேண்டும்.

அந்த மனிதர் கல்லைத்தான் பார்க்கிறார் என்று மனைவி பாலேஸ்வரி சொன்னாள்.

"வெள்ளைக்காரன்ர கல்லில எங்கட ஆளுக்கு என்ன அலுவல்? உந்தக் கதையை நம்பச் சொல்லுறீரோ?" என்றார் அவர்.



ஒரு சனிக்கிழமை அவர் கீழே இறங்கி, அந்த மனிதர் ஏறிய பஸ்ஸிலேயே ஏறி, பின் சீற்றில் இருந்தார். மனிதர் தமிழ்க் கடைக்கு முன்னால் இறங்கினார். பாணும் கருவாடும் வாங்கினார். அவர் போனபிறகு ஸ்ரீஸ்கந்தராசா கடைக்கார அன்புராசாவிடம் விசாரித்தார். பெயர் வீரக்குட்டி, மட்டக்களப்புப் பக்கம், வெதுப்பகமொன்றில் வேலை, கிளடிஸ் என்றொரு தமிழ்ப் பெண்ணின் வீட்டு நிலவறைப் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறார், ஒருவரோடும் அதிகம் கதைக்கமாட்டார். அந்தக் கடைசி விஷயம் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் போதுமாக இருந்தது. தான் கண்டதைச் சொல்லி, ஆள் உளவு பார்க்க வந்தவனாக இருக்கலாம் என்றார். அன்புராசா அதை அடுத்துச் சாமான் வாங்க வந்தவரிடம் சொன்னார். அந்த 'இருக்கலாம்' கடைவாசல் தாண்டும்போதே விழுந்துவிட்டது. கொஞ்ச நாளில் வீரக்குட்டி தூதரகத்து ஆள் என்று சிலரும், குடிவரவுக் கந்தோருக்கு அகதிகளின் பெயர் கொடுப்பவர் என்று சிலரும் உறுதியாகச் சொன்னார்கள்.

கிளடிஸும் பாலேஸ்வரியும் ஒரே இடத்தில் துப்புரவு வேலை செய்தவர்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், வீரக்குட்டியை மாத முடிவோடு வீட்டைவிட்டு எழும்பச் சொல்லிவிட்டதாகக் கிளடிஸ் சொன்னாள். நல்ல மனிசன்தான், ஆனால் தன் தம்பியின் அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை, வீட்டில் அப்படி ஓர் ஆளை வைத்திருக்கப் பயம் என்றாள். அப்படி ஆள் என்றால் எப்படி ஆள் என்று பாலேஸ்வரி கேட்டாள்.

"ஆள் உளவு பாக்கிறதை உங்கட அவர்தானே கண்டது," என்றாள் கிளடிஸ்.

பாலேஸ்வரி சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தாள். வீட்டில் இதைப்பற்றி ஒன்றும் கதைக்காமல், சனிக்கிழமை நேரே பார்க்குக்குப் போனாள். கிட்டப் போக முதல் அவளும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டாள், ஆராவது கவனிக்கிறார்களா என்று.

வீரக்குட்டி அவளைக் கண்டு விலகிப் போகப் பார்த்தார். அவள் தான் யாரென்று சொல்லி, கதையைக் கிளப்பியது தன் கணவர்தான் என்பதையும் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. வேறு இடம் பார்த்தாயிற்று, பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலையும் கிடைத்திருக்கிறது என்றார். பிறகு ஏன் இங்கே வந்து நிற்கிறீர்கள் என்று அவள் கேட்டாள்.  சொல்லலாமா கூடாதா என்று அவர் எடைபோடுவது தெரிந்தது.

மகன் ஓர் ஆயுத இயக்கத்தில் இருந்தவன் என்றார். எண்பத்தாறின் கடைசியில் மற்ற இயக்கம் வந்து அந்த முகாமிலிருந்த பெடியன்களைச் சுட்டது. உடல் தரவில்லை. எந்த மண்ணில் தாட்டார்கள், எரித்தார்களா என்பதும் தெரியாது. துரோகி என்று பெயர் வைத்தபடியால் செத்தவீடுகூட வாய்விட்டு அழுது செய்யவில்லை. போன நவம்பரில் பஸ்ஸிலிருந்து, கிழவர்கள் மலர்வளையம் வைக்கிற கூட்டத்தைக் கண்டு இறங்கிப் பார்த்திருக்கிறார். கல்லில் பெயர் உள்ள பலருக்கு உடலே கிடைக்கவில்லை என்று அங்கே நின்ற தமிழ்ப் பெண்ணொருத்தி சொல்லியிருக்கிறாள்.

"எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, புள்ள," என்றார். "ஆனா கடைசிப் பேருக்குக் கீழ வெறும் இடம் இரிக்கு. அதைத்தான் பார்த்துக்கிட்டு நிக்கிற."

கட்டடத்தை ஏன் அண்ணாந்து பார்ப்பீர்கள் என்று அவள் கேட்டாள். தமிழ் ஆக்கள் ஆரும் தன்னைக் கவனிக்கிறார்களோ என்ற பயம் என்றார்.

பாலேஸ்வரி வீட்டுக்கு வந்து நடந்ததைக் கணவனிடம் சொன்னாள். ஸ்ரீஸ்கந்தராசா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அன்புராசாவிடம் போய்த் தான் சொன்னது பிழை என்று சொல்வதாக ஒத்துக்கொண்டார். அவர் போய்ச் சொல்லவும் செய்தார். ஆனால் முதல் கதையைக் கேட்ட வேகத்தில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

பாலேஸ்வரிக்கு அன்றிலிருந்துதான் நித்திரை குழம்பியது. அவளுடைய தம்பி குகநேசன், வீரக்குட்டி சொன்ன அந்த மற்ற இயக்கத்தில் இருந்தவன். தொண்ணூற்றொன்றில் சண்டையில் செத்தான். ஊரில் அவனுக்குப் பெயர் வெட்டிய கல்லறை இருந்தது. அரசாங்கப் படையான ஆமி ஊரைப் பிடித்தபிறகு அந்தக் கல்லறைகளையெல்லாம் இடித்துத் தரையோடு தரையாக்கிவிட்டதாகத் தை மாதம்தான் செய்தி வந்திருந்தது. அதற்காக அவள் கிழமைக்கணக்கில் அழுதிருக்கிறாள். இப்போது வேறொன்று ஞாபகம் வந்து அவளை அரித்தது. எண்பத்தாறின் கடைசியில் தம்பியைக் கிழக்குக்கு, மட்டக்களப்புப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தவன் சோற்றுக்கோப்பையைத் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தான். காய்ச்சல் என்று நினைத்து மல்லி அவித்துக் கொடுத்தாள்.

கணவனிடம் இதைச் சொன்னபோது அவர் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

"வாயைத் திறக்காதையும். தெரியாத ஒண்டை ஏன் போய்ச் சொல்லுறீர்?"

"தெரியாதெண்டதைத்தான் சொல்லப்போறன்," என்றாள்.

வீரக்குட்டி பிறம்ரனுக்குப் போக முதல் வந்த கடைசிச் சனிக்கிழமை அவள் தம்பியைப்பற்றிச் சொன்னாள். அவர் கையைப் பின்னால் கட்டியபடியே கேட்டார்.

"எந்த முகாமில நிண்டவராம்?"

"தெரியாது. அவன் சொல்லேல்லை."

"நீங்க கேட்டீங்களா?"

"இல்லை."

அவர் பஸ் தரிப்புக்குப் போனார். பிறகு சனிக்கிழமைகளில் வரவில்லை. மழைக்காலம் போய், வெயிலும் போய், இலைகள் கொட்டின. சொல்லியிருக்கக்கூடாது என்று ஸ்ரீஸ்கந்தராசா சிலமுறை சொன்னார். அவளுக்கே சிலநேரம் அப்படித் தோன்றியது. அந்த மனிதர் பழிதீர்க்க ஆரையாவது கூட்டிக்கொண்டு வருவாரோ என்றும் ஒரு பயம் இருந்தது. தனக்கு அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக வெட்கப்பட்டாள்.

நவம்பர் பதினோராம் திகதி அவளுக்கு இரவு வேலை. பகலில் வீட்டில் நின்றதால், கிழவர்கள் கூடியதும் கீழே போனாள். ஸ்ரீஸ்கந்தராசாவும் கூட வந்தார். அவளைத் தனியே விட மனமில்லை என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் வீரக்குட்டி நின்றார். செத்த சிப்பாய்களின் நினைவுக்கு அன்று எல்லாரும் குத்துகிற சிவப்புப் பொப்பிப்பூ ஒன்றை நெஞ்சில் குத்தியிருந்தார். ஆள் மெலிந்திருந்தார்.

எக்காளம் ஊதி, மௌனம் முடிந்து, சனம் கலைந்தபிறகு அவரே அவர்களிடம் வந்தார். ஸ்ரீஸ்கந்தராசா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். வீரக்குட்டி கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்கட தம்பிட பேரென்ன, புள்ள?"

 செத்தவனின் பெயர்தானே என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"குகநேசன்."

அவர் அந்தப் பெயரைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவர் அதை எங்காவது கேட்டிருக்கிறாரா என்று அவள் அவருடைய முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ட மகன் லவன்," என்றார். "பத்தொன்பது வயசு."

"என்ர தம்பிக்கு அப்ப பதினெட்டு," என்றாள் அவள்.

மேலே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்படி ஸ்ரீஸ்கந்தராசா கேட்டார். வீரக்குட்டி யோசித்தார். இன்றைக்கு வேண்டாம் என்றார். இன்றைக்கு என்றுதான் சொன்னார் என்பதைப் பாலேஸ்வரி கவனித்தாள். மழை கூடியதால் மூவருமாகப் பஸ் தரிப்புக்குள் ஒதுங்கி நின்றார்கள். பிறம்ரனில் வேலை எப்படி, வீட்டுக்காரர் எப்படி என்று ஸ்ரீஸ்கந்தராசா ஒவ்வொன்றாகக் கேட்டார். அவரும் பதில் சொன்னார். பஸ் வந்ததும் ஏறி, சன்னல் ஓரமாக இருந்தார்.