பாரம் கூடினால்

ஜெனாட் சாப்பாட்டு மேசையில் துணி விரித்து மூன்று எடைக்கட்டிகளை வைத்திருந்தான். விரல் நீள உருளைகள். துவக்கைத் தோளில் அணைக்கும் பின்பிடிக்குள் இருக்கும் குழாயில் சுருள்வில்லோடு முன்னும் பின்னும் ஓடி, சுடும்போது எழும் உதையை வாங்கிக்கொள்பவை. அனுமதிப்பத்திரம் எடுத்து, குறிபார்த்துச் சுடும் கழகமொன்றில் சேர்ந்து, ஒரு வருடமாகத் துண்டு துண்டாக வாங்கிப் பூட்டிய துவக்கு. அது செயின்ட்-மிஷேல் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் மனைவி நிரோஜா அது இருக்கும் அறைக்குள் போவதில்லை. சத்தம் பிடிக்காது என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"இந்தப் பெரிசைத்தான் போடப்போறன். பாரம் கூடினால் தோளில உதைக்காதாம்."

கழுவிக்கொண்டிருந்த கோப்பையை அவள் தொட்டிக்குள் வைத்தாள்.

"அதைப் போடாதேங்கோ. உள்ளுக்கு ஓடுறது முழுக்கப் பின்னுக்குப் போகாது. சுட்ட குண்டின்ர வெறுங்கோது சிக்கும். அடுத்த குண்டு ஏறாது."

ஜெனாட் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினான்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் சிறுவயதிலேயே மொன்ட்ரியாலுக்கு வந்தவன். ஊரில் நடந்த கடைசிச் சண்டையின்போது தாயோடு பதுங்குகுழியில் இருந்ததாக அகதி விசாரணையில் சொன்னதையே அவனுக்கும் சொல்லியிருந்தாள். பத்து வருடத்தில் அந்தப் பொய் அவளுக்குப் பழகிவிட்டது. அந்தச் சண்டைக்காலத்து றொஷினிதான் பழகவில்லை. மெற்றோவில், பூசையில், மகளை விடும் பாலர் காப்பகமான கார்டெரி வாசலில், நிரோஜாவின் கண்ணுக்கு மட்டும், வலது தோளைத் தடவியபடி நிற்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்டுத் தொலைத்தாலாவது பரவாயில்லை.

"என்னை இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போனவை. பதினேழு வயசு. துவக்குத் திருத்துற இடத்தில விட்டவை. றொஷினியெண்டு ஒரு பிள்ளை, தோள் நோகுதெண்டு அழுதாள். உடைஞ்ச துவக்கொண்டில இருந்து பாரமான கட்டியைக் கழட்டி அவளின்ரையில போட்டுவிட்டனான். இனி நோகாதெண்டு சந்தோசமாப் போனவள்."

"பிறகு?"

"துவக்குத்தான் திரும்பி வந்தது. கோது சிக்கினபடியே இருந்தது."

பக்கத்து அறையில் மகள் பிரெஞ்சில் எதற்கோ சிரித்தாள். ஜெனாட் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான். தன் வீட்டில் யாரோடு இத்தனை நாள் இருந்தோம் என்பதுபோல அவளைப் பார்த்தான்.

"ஆருக்காவது சொன்னனீரா?"

"இல்லை."

அவன் துணியை மடிக்கத் தொடங்கினான்.

"துவக்கை வித்துப்போடுறன்."

"வித்தால் றொஷினி போயிடுவாளோ?"

நிரோஜா யன்னலருகே போனாள். யன்னலுக்கு வெளியே, தெருவுக்கு இறங்கும் இரும்புப் படிகளில் விடியலிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. எல்லாப் படிகளும் வெள்ளையாகிவிட்டன. நடுப்படியில் மட்டும், ஒருவர் உட்காரும் அகலத்துக்கு, இரும்பு கறுப்பாகத் தெரிந்தது.