வேர் வானத்தைப் பார்த்த கால்

எங்கள் லொம்பொக் தீவில் முதல் பிள்ளை பிறந்ததும் பெற்றவர்களின் சொந்தப் பெயர் உதிர்ந்துவிடும். நான் இனாக் ஹுர்னியா, அதாவது ஹுர்னியாவின் அம்மா. பதின்மூன்று வயதில் அவள் செங்கல் சுவருக்கு அடியில் போன பிறகும் ஊர் என்னை அப்படித்தான் கூப்பிட்டது. ஒருவர் மட்டும் மாற்றிக்கொண்டார், என் கணவரின் அண்ணன் அமாக் ஜுனைதி, அதாவது ஜுனைதியின் அப்பா. இளையவளின் பெயரைச் சேர்த்து என்னை இனாக் மிஸ்னா என்றார். அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனார் அவர்தான்.

என் கணவர் மலேசியாவில் ஒன்பது வருடம் செம்பனைக் குலை வெட்டி அனுப்பியதில் எழுந்த வீடு அது. அவர் அதைப் பார்க்காமலே அங்கே காய்ச்சலில் இறந்தார். ஆகஸ்டு மாதம் பூமி ஆடியபோது நானும் மிஸ்னாவும் கிணற்றடியில் இருந்தோம். ஹுர்னியா உள்ளே தொழுதுகொண்டிருந்தாள். மறுநாள் உடைந்த தூண்களைப் புரட்டினார்கள். உள்ளே இருந்த கம்பி பென்சில் அளவு. கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் வளையம் முழத்துக்கு ஒன்றுதான். நான் பார்த்தேன், அமாக் ஜுனைதியும் பார்த்தார்.

தார்ப்பாய்க் கொட்டகையில் மிஸ்னாவுக்கு இருமல் நிற்கவில்லை. அமாக் ஜுனைதி வந்து அவளைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனார். அவர் வீடு விரிசல்களோடு நின்றிருந்தது. தகப்பன் இல்லாத பெண்ணுக்குப் பெரியப்பாதான் பொறுப்பு என்று ஊரார் முன்னால் சொன்னார். மழைக்கு முன் கூரையுள்ள வீட்டைக் காட்டினால் அவளை அனுப்புவதாகவும் சொன்னார். அரசாங்கம் தந்த செங்கல் வீடுகளுக்கு எங்கள் பகுதியில் பொறுப்பாளரும் அவரே. அந்த வீடு கேட்கும் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை.

நான் தொடக்கப் பள்ளியில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவள். நானே கட்டப்போகும் மூங்கில் வீட்டை முதலில் இறைச்சி குத்திச் சுடும் சாத்தே குச்சிகளால் சிறிதாகச் செய்து பார்த்தேன். உண்மையான வீடு நாலு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். மண்ணின் ஈரம் ஏறாதபடி கால்கள் ஆற்றுக் கல்லின் மேல் நிற்கும். சாரல் சுவரைத் தொடாதபடி கூரை இறங்கி வரும். வெப்பம் வெளியேற உச்சியில் ஒரு கைப்பிடி இடைவெளி. பூச்சி அரிக்காதபடி மூங்கிலை வெங்காரம் கரைத்த தண்ணீரில் இரண்டு வாரம் ஊறப்போட்டேன். தச்சர் அமாக் ரெமின் வேலைக்கு வந்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான்.

அமாக் ஜுனைதி தினமும் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் நிறுத்தினார்.

"இது வீடா கோழிக்கூடா? முட்ட எப்ப வைக்கிறதா உத்தேசம், இனாக் மிஸ்னா?"

"மொதல்ல சேவல் கூவுறத நிறுத்தட்டும்," என்றேன். அமாக் ரெமின் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறு கால்கள். மரமோ மூங்கிலோ, வளர்ந்த வாக்கிலேயே நட வேண்டும், அடி கீழே, நுனி மேலே. தலைகீழாக நட்டால் அந்த வீட்டில் சாவு விழும் என்பது எங்களில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் உத்தரம் உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு கணு இருந்தாக வேண்டும். வெறும் குழலில் பாரம் ஏறினால் மூங்கில் பிளந்துபோகும். வடகிழக்குக் காலுக்கு மிஞ்சியிருந்த தடித்த மூங்கிலில், அதைத் தலைகீழாகத் திருப்பினால்தான் கணு சரியான இடத்துக்கு வந்தது. அமாக் ரெமின் தொழப் போன நேரத்தில் திருப்பி நட்டேன். எது மேல், எது கீழ் என்று காட்டிக்கொடுக்கும் மொட்டுத் தழும்புகளைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசினேன். ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். வழக்கத்தைவிடக் கணுவை நம்பினேன்.

வீட்டைப் பார்க்க அமாக் ஜுனைதி ஊர்த் தலைவரையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிவந்தார். சுவரை உதைத்தார். கூரையைக் கம்பால் குத்தினார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு ஒவ்வொரு மூங்கில் காலின் அருகிலும் குந்தி, கணுக்களைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். நேராக நட்ட மூங்கிலில் தழும்பு கணு வளையத்துக்கு மேலே இருக்க வேண்டும். வடகிழக்கில் கீழே இருந்தது.

"வேரு வானத்தப் பாக்குது," என்றார் எழுந்து. "இதுக்குள்ள என் தம்பி மகளப் படுக்க வைக்கணுமாம்."

அமாக் ரெமின் தான் நடவில்லை என்று சத்தியம் செய்தார். நான்தான் நட்டேன் என்று ஒப்புக்கொண்டு, கணுவைப் பற்றி விளக்கினேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலை மாற்றினால் பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்று தலைவர் முடித்தார். அமாக் ரெமின் உளிகளைப் பொறுக்கிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. தலைகீழ்க் காலை எந்தத் தச்சனும் தொடமாட்டான்.

இரண்டு முட்டுக் கொடுத்துக் கூரையைத் தாங்கவைத்து, தனியாகவே மாற்றினேன். இரண்டு நாள் ஆயிற்று. ஊரார் வேலியோரம் நின்று பார்த்தார்கள், ஒரு கை உள்ளே வரவில்லை. புது மூங்கிலில் கணு ஒரு சாண் தள்ளி இருந்தது. குழலுக்குள் பலாக்கட்டை ஒன்றைச் செருகிக் கயிற்றால் இறுக்கினேன். முன்னதைவிட இது பலவீனமானது என்று எனக்குத் தெரியும். ஊருக்கு நிம்மதி.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தலைவரோடு மிஸ்னாவை அழைக்கப் போனேன். அமாக் ஜுனைதி வாசலை விட்டு நகரவில்லை.

"ஒரு மழக்காலம் நிக்கட்டும். அப்புறம் பேசலாம்."

அவருக்குப் பக்கத்துத் தூணில் பூச்சு பெயர்ந்திருந்தது. உள்ளே வளையங்கள் தெரிந்தன, நாலு விரற்கடைக்கு ஒன்றாக நெருக்கமாக.

"நான் நட்டதுல ஒரு கால்தான் தலைகீழ், அதையும் மாத்திட்டேன்," என்றேன். "நீங்க எனக்குக் கட்டுனதுல எல்லாத் தூணும் நேராத்தான் நின்னுச்சு. உங்க தூணுல நாலு விரலுக்கு ஒரு வளையம். எங்க தூணுல ஏன் முழத்துக்கு ஒண்ணு?"

தலைவர் தூணைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"உன் புருஷன் சீக்கிரம் முடின்னு போன்ல கத்துனான்," என்றார் அமாக் ஜுனைதி. "இருந்த கம்பியில முடிச்சேன். செத்தவனப் போய்க் கேளு."

"அவ பேரச் சொல்லுங்க. எம்மூத்த மக பேர ஒரு தடவ உங்க வாயால சொல்லுங்க, நான் போயிடறேன்."

அவர் தாடை அசைந்தது, பெயர் வரவில்லை. உள்ளே திரும்பி, "மிஸ்னா, உங்கம்மாகூடப் போ. அந்தக் கூட்டுக்குள்ளயே கிடந்து சாவுங்க," என்றார். அவர் மனைவி உடுப்பு மூட்டையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அடுத்த வாரம் அவர் என் மனையை ஒட்டியிருந்த தன் நிலத்தின் வேலியை என் பக்கமாக ஒரு அடி தள்ளி நட்டார். நான் கேட்கப் போகவில்லை.

மிஸ்னாவை அழைத்துவந்த அன்று வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. மிஸ்னா படியில் நின்றுவிட்டாள். புல் கூரையை, உத்தரத்தை, கயிற்று முடிச்சுகளை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

"இது விழுந்தா வலிக்குமா?"

விழாது என்று சொல்ல நாக்கு எழுந்தது. அவள் அக்காவிடம் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

"கீறும். ரத்தம் வரும். ஆனா தள்ளிட்டு எந்திரிச்சு வெளிய வந்துடலாம்."

அவள் பாயை எடுத்து விரித்து, உடம்பை உள்ளேயும் தலையை வாசல்படிப் பக்கமும் வைத்துப் படுத்தாள். அந்த மழைக்காலம் முழுக்க அப்படித்தான் படுத்தாள்.